வாங்கன்னு சொல்லியும் வராத மூட்டம்

தாழைத்துறையில் காற்றைக் குடிக்கலாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை; சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி கழிகிற வரைக்கும் அந்த ஊரில் துவைத்துப் போட்ட சேலை மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் நாலாம் நாள் பிழிந்துதான் மடிக்க வேண்டும், உப்புச் சாடியைத் திறந்தால் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும், பொரித்த அப்பளத்தைக் கையோடு கடிக்காவிட்டால் அப்புறம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட ஊருக்கு, முகத்தில் ஈரம் அடித்துக்கொள்கிற பாட்டில் ஒன்று ரியாத்திலிருந்து வந்து இறங்கியது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனை இனிமேல் யாரும் கேலி பேசாதீர்கள்.

பாட்டில் வந்தது கித்தேரிக்கு. மீன் சந்தையின் கிழக்கு ஓரத்தில், கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்தில், அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, வாங்கினவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறவள் அவள். விளமீனோ பாறையோ ஊளியோ, செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, குடலை எறிந்து, துண்டு போட்டுக் கையில் கொடுக்க அவளுக்கு ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் போதும். புருசன் சந்தியாகு நாலு வருசமாக ரியாத்தில், கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிற கம்பெனியில் இருக்கிறான். அவன் போன மறு வருசம் அவளுடைய இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு உள்ளங்கை அளவு, வாழைக்கறை பட்ட வேட்டி மாதிரி. அன்றிலிருந்து அவன் வீடியோ காலில் கூப்பிட்டால் அவள் போனை விட்டத்தைப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டு, "இங்கன டவர் இல்லங்க" என்பாள். சந்தியாகும் இத்தனை நாளாகச் சுற்றுகிற ஃபேனோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான், பாவம்.

பாட்டிலோடு கடுதாசி ஒன்றும் இல்லை. லீவில் வந்த ஒருவன், "மைனி, அண்ணன் குடுத்து விட்டாவ" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். மேலே இங்கிலீசில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லி பியூட்டி பார்லர் ஜெனோவாவிடம் கொண்டு போனாள் கித்தேரி. ஜெனோவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், கண்ணை உருட்டினாள்.

"யக்கா, இது கொலாஜன் மிஸ்டு. மூஞ்சிக்கு அடிக்கது. சுருக்கம் போவும், கறுப்பு போவும், மூஞ்சி பச்சப்புள்ள மாதிரி ஆயிரும். அண்ணன் லேசுப்பட்ட ஆளில்ல!"

"மூஞ்சிக்கா?" என்றாள் கித்தேரி.

"பின்ன, காலுக்கா?"

கித்தேரி பாட்டிலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூஞ்சிக்கு அனுப்பியிருக்கிறான் என்றால் மூஞ்சி கெட்டது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்கிறது என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பின்வீட்டில் இருக்கிற அவன் அக்கா மரியதங்கம் மைனிதான், பக்கத்துத் தெருவில் பல்லி முட்டையிட்டாலும் ரியாத்துக்குச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள், கித்தேரி அழுதாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நாளைக் கணக்குப் பார்த்தாள். கோவில் கொடியேற்றத்துக்குச் சந்தியாகு வருகிறான், அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அவன் வாசலில் பெட்டியை இறக்கி நிமிர்ந்து பார்க்கிற அந்த ஒரு பார்வையில் அவன் முகம் மாறக் கூடாது. மற்றதெல்லாம் எப்படியும் போகட்டும், அந்த ஒரு பார்வை மட்டும் அவளுக்கு வேண்டும். அதற்காக எந்தத் தண்ணீரானாலும் அடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடித்தாள். காலையில் மூன்று தடவை, மத்தியானம் மூன்று, படுக்கப் போகும்போது மூன்று. முதல் இரண்டு நாள் முகத்தில் பட்டது வேர்வையோடு சேர்ந்து கழுத்தில் வழிந்தது. மூன்றாம் நாள் காலையில் அடித்தது முகத்தில் படவே இல்லை. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து, அந்த இடத்திலேயே, இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் எழும்புகிற ஆவி மாதிரி, வெள்ளையாக நின்றுவிட்டது. உள்ளேயும் வரவில்லை, கலைந்தும் போகவில்லை. அவள் இடது பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பியது, குனிந்தால் குனிந்தது, படுத்தால் மேலே கொசுவலை மாதிரி படுத்தது, ஃபேன் காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடியும் தன் இடத்துக்கே வந்தது. உள்ளிருந்து பார்க்க அவளுக்கு எல்லாம் தெரிந்தது, வெளியிலிருந்து பார்த்தால்தான் அவள் தெரியவில்லை. "முதல்ல இப்படித்தான் இருக்கும் போல" என்று சொல்லிக்கொண்டு அருவாமனையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டத்தோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தால் வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். தாழைத்துறையில், "என்னக்கா, புதுசா?" என்று கேட்டார்கள், பிறகு, "ஜெனோவாட்ட கிடைக்குமா?" என்று கேட்டார்கள். ஜெனோவா முதல் வாரம் இருபது பாட்டில் வரவழைத்தாள், மறு வாரம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது, கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஊரில் பாதிப் பெண்களுக்கு முகத்துக்கு முன்னால் ஒரு சாண் மூட்டம் நின்றது. யார் அடித்தாலும் அப்படித்தான், மூன்றாம் நாள் காலையில், பிசகாமல். அதோடு ஊர்ப் பூனைகளும் சேர்ந்துகொண்டன. மூட்டம் உள்ளவள் எங்கே போனாலும் பின்னால் மூன்று பூனை வாலைத் தூக்கிக்கொண்டு போனது. ஏன் போகிறது என்று அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை, பூனைக்கு என்ன சோலி என்று விட்டுவிட்டார்கள்.

மூட்டம் வந்தது ஒன்றும் பெரிய அதிசயமில்லை, ஊர் அதற்குத் தக்கபடி வளைந்து கொடுத்ததுதான் அதிசயம். குழாயடியில் சண்டை நின்றது, ஏனென்றால் யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும், பூசைக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் சேலைக் கரையை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார்கள், புதுச் சேலை கட்டினவள் அன்று முழுவதும் அநாதை மாதிரி நின்றாள், போட்டோ ஸ்டுடியோக்காரன், "மூட்டத்தோட எடுக்கவா, வேற பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்கப் பழகிக்கொண்டான், கருவாடு காயப்போடுகிற பெண்கள் மூட்டத்தோடு குனிந்தால் கருவாடு மறுபடி மீனாகிவிடும் போல ஊறிப்போனதால் அந்த வேலை ஆண்கள் தலையில் விழுந்தது, அவர்கள் கடலையும் மனைவிமாரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே புரட்டிப் போட்டார்கள். பாட்டில் வாங்க முடியாத இரண்டு பேர் புட்டுக்குழல் ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு வேகமாகத் தெருவில் நடந்து பார்த்தார்கள். முச்சந்தி தாண்டுவதற்குள் ஆவி போய்விட்டது, மானமும் கூடவே போனது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். தெரியாமல் போனதில் ஊருக்கு ஒரே நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் தெற்குத் தெரு பிலோமியைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். பெண் பலகாரத் தட்டோடு மூட்டத்தோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல அடர்த்தி" என்றாள். மாப்பிள்ளையிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

"ஒரு குறையும் தெரியல" என்றான் அவன்.

அன்றைக்கே நிச்சயம் ஆனது.

எல்லாம் சரி, ஆனால் ஒருத்திக்கும் மூஞ்சி பளபளக்கவில்லை. எப்படிப் பளபளக்கும், தண்ணீர் உள்ளே போனால்தானே! கித்தேரி தினமும் விரலை மூட்டத்துக்குள் விட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள், கண்ணாடியில் தெரியாததால் விரலாலேயே மங்கைத் தேடுவாள், விரலுக்கு மங்கு தெரியாது என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் தேடுவாள். கொடியேற்றத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. கடைசியில் அவள்தான் ஜெனோவாவை இழுத்து வைத்து, பாட்டிலின் அடியில் போட்டிருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போடச் சொன்னாள். பார்லரில் ஏழெட்டு மூட்டங்கள் கூடி நின்று ஸ்பீக்கரில் கேட்டன. அந்தப் பக்கம் ஒரு பெண், தேன் வடிகிற குரல்.

"உள்ள போக மாட்டேங்குது தாயீ, வெளியவே நிக்குது. என்ன செய்ய?" என்றாள் கித்தேரி.

"உள்ள போகணும்னா ரொம்ப ஈஸி மேடம்" என்றது குரல். "வாங்க மேடம். வாங்க. இன்னும் வாங்க."

இன்னும் இரண்டு பாட்டில் விலைக்கு வாங்கச் சொன்னாள் அவள், வேறென்ன. ஆனால் கூட நின்று கேட்ட மரியதங்கம் மைனி தலையில் நங்கென்று அடித்துக்கொண்டாள்.

"ஏ கோட்டிக்காரிகளா! வாசல் வரைக்கும் வந்து நிக்குத விருந்தாளிய வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டமா நாம? கேக்காம அது எப்படி உள்ள வரும்? எங்க சின்ன மாமாவ வாங்கன்னு கேக்கலன்னுதான பந்தியில உக்காராம திரும்பிப் போனாவ, இருவது வருசமா பேச்சு வார்த்த இல்ல!"

யாரும் மறுத்துப் பேசவில்லை, பேசவும் முடியாது. தாழைத்துறையில் சொத்துக்காகப் பிரிந்த குடும்பத்தைவிட 'வாங்க' என்று கேட்காததால் பிரிந்த குடும்பம் அதிகம். மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று, "வாங்க, வாங்க, உள்ள வாங்க, ஏன் அங்கனயே நிக்கிய, நம்ம வீடுதான், வெக்கப்படாம வாங்க, காப்பி குடிக்கியளா" என்று மூட்டத்தை உபசரித்தார்கள், ஊர் முழுக்க ஒரே வரவேற்பாக இருந்தது, வழியில் போன பாத்திரக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நாலு வீட்டுக்குள் நுழைந்து ஏச்சு வாங்கினான். மூட்டம் அசையவில்லை. 'வாங்க' என்று சொல்லியும் வராததால், எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டிலையும் வாங்கிப் பார்த்தார்கள். மூட்டம் தடித்ததே தவிர, ஒரு விரற்கடைகூட முன்னால் வரவில்லை.

விற்பனை இப்படி எகிறுகிறதே என்று கம்பெனியிலிருந்து மிருதுளா என்று ஒரு தோல் ஆலோசகர் காரில் வந்து இறங்கினாள். அந்தப் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள், பூசின மாவெல்லாம் வேர்வையில் கரைந்து காலர் வரைக்கும் இறங்கியிருந்தது. மூட்டங்களைப் பார்த்ததும் அவளுக்கு முகத்தில் ஒரு சந்தோஷம்.

"சூப்பர் மேடம்! மூட்டம் நிக்குதுன்னா தயாரிப்பு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்க தோல்தான் இன்னும் ஒத்துழைக்கல."

அதைக் கேட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். புருசன் குடித்தாலும் பிள்ளை படிக்காவிட்டாலும் உலை பொங்கினாலும் பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்டு வந்த நியாயம்தான் அது, தப்பு நம் பக்கம்தான் இருக்கும் என்று பழகிப் போயிருந்தது. கித்தேரி மட்டும், "நீங்க ஏம்மா இத அடிக்கல?" என்று கேட்டாள்.

"நான் எப்பவும் ஏசியில இருக்கிறவ மேடம்" என்று சொல்லிவிட்டு மிருதுளா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கெல்லாம் விளக்கம் தெரிந்த ஆள் ஒருவர் ஊரிலேயே இருந்தார். ஞானதிரவியம் சார், கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்காவிட்டாலும் விளக்குகிறவர், அதனாலேயே அவரை யாரும் கேட்பதில்லை. கோவில் வளாகத்தில் கூட்டம் போட்டபோது பங்குச் சாமியார் வேறு வழியில்லாமல் அவரைப் பேச விட்டார்.

"ரெண்டே விசயம்" என்று சார் எழுந்தார். "கொலாஜன்னு சொல்லுதது ரொம்பப் பெரிய சாமான். மூஞ்சித் தோல்ல இருக்க வாசலு ஊசிக் காது. ஊசிக் காதுல கட்டுமரம் போவுமா? போவாது. சரி, காய்ஞ்ச ஊரா இருந்தா அந்தத் தண்ணியாவது காத்துல ஏறிப் போயிரும். நம்ம ஊருக் காத்து ஏற்கனவே ஃபுல்லு, காலைல ஆறே முக்கால் மினி பஸ்ஸு மாதிரி. உள்ளயும் எடமில்ல, எறங்கவும் முடியல, படியில தொங்குது. விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாவ. இது ரெண்டும் இல்ல, அதான் மாசக்கணக்கா நிக்குது. ஓசியில கிடைக்குத ஈரத்த ஏன் பாட்டில்ல வாங்குதிய? மூஞ்சியக் கழுவுங்க, வெயில்ல போனா தலையில துணியப் போடுங்க. சோலி முடிஞ்சது."

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் ஞானதிரவியம் சார் எப்படி ஞானதிரவியம் சார் ஆவார்?

"அதுபோவ, அது எதுல செஞ்சதுன்னு தெரியுமா? மீன் செதிலு, மீன் தோலு. வாரா வாரம் நம்ம சந்தைக்கு வந்து செதில மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறானே லாரிக்காரன், எங்க கொண்டு போறான்னு நெனச்சிய? கித்தேரி சீவிப் போட்டதுதான் கித்தேரி மூஞ்சிக்கு முன்னால நிக்குது. பூனைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

இனி எல்லோரும் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று சார் ஆசையோடு பார்த்தார். ஆனால் முன்வரிசையில் ஒரு கிழவி விம்மி அழ ஆரம்பித்தாள்.

"அப்ப அது நம்ம ஊருப் புள்ளயா? வெளியூருக்குப் போன நம்ம புள்ள பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து வாசல்ல நிக்கா, அவளப் போயி வாங்க போங்கன்னு அந்நியமா பேசிட்டமே! பெத்த புள்ளைய யாராவது வாங்கன்னு கூப்பிடுவாவளா? வான்னுல்லா சொல்லணும்!"

அது எப்படி, கட்டிக் கொடுத்த பிறகு சொந்த மகளானாலும் மரியாதை கொடுக்க வேண்டாமா என்று மரியதங்கம் மைனி எழுந்தாள். சபை இரண்டாக உடைந்தது. அன்றிலிருந்து ஊரில் 'வா' கட்சி, 'வாங்க' கட்சி என்று இரண்டு கட்சி. ஒரே வீட்டில் மாமியார் 'வாங்க' என்பாள், மருமகள் வேண்டுமென்றே 'வா' என்பாள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. கடைசியில் பங்குச் சாமியார் தலையிட்டு, காலைப் பூசை மணி வரைக்கும் 'வா', அதற்கப்புறம் 'வாங்க' என்று சமரசம் செய்து வைத்தார். மூட்டத்துக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் நடந்த மறுநாள் ஞானதிரவியம் சார் அரைக் கிலோ சீலா வெட்ட கித்தேரியிடம் வந்தார். அவள் மீனைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டாமல், மெதுவாகக் கேட்டாள்.

"சார், அப்ப என் மங்கு இதுல போவாதா?"

"போவாதும்மா. அது வெயில்ல வந்தது. நீ உக்காந்திருக்க எடத்துல மேல ஒரு தார்ப்பாயக் கட்டு, பைய பையக் கொறையும்."

"பையன்னா? கொடியேத்தத்துக்குள்ளயா?"

"வருசம் ஆவும்."

"அவிய வர்றதுக்குப் பதினெட்டு நாள்தான் சார் இருக்கு." கித்தேரி மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைச் சீவினாள், பளபளவென்று நாலா பக்கமும் பறந்தது. "அப்ப நான் இதையே வச்சிக்கிடுதேன். போக்காட்டாலும் மறைக்கவாவது செய்யுதே."

சார் வெட்டுக் கூலியை எண்ணி வைத்தார். மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கித்தேரி அன்று நாலாவது பாட்டிலைத் திறந்தாள். மங்கு போகாது என்று தெரிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம், தெரிந்தால்தானே அவன் முகம் மாறும், தெரியாமலே இருந்துவிட்டால்? காலையில் ஆறு, மத்தியானம் ஆறு என்று அடித்தாள். மற்றவர்கள் மூட்டம் ஆவி மாதிரி இருந்தால் அவள் மூட்டம் தயிர் மாதிரி இருந்தது. சந்தையில் எல்லோரும், ஊரிலேயே பெரிய மூட்டம் கித்தேரிக்குத்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா என்பது யாருக்கும் தெரியாது.

சந்தியாகு கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் வந்தான். மரியதங்கம் மைனி போனில் ஏற்கனவே, "ஊரெல்லாம் ஒரே மூட்டமா இருக்கு தம்பி" என்று சொல்லியிருந்தாள். மழை வரும்போல என்று நினைத்து அவன் குடை வாங்கி வந்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இது யார் அது யார் என்று தெரியாமல் எல்லா மூட்டத்துக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெரிய மூட்டத்தைப் பார்த்து அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க ஜன்னலில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கித்தேரி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் பெட்டியை இறக்கினான். நிமிர்ந்தான். பார்த்தான்.

"ஏட்டி, என்ன இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு? ஃபேனப் போடலியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், தோளில் கிடந்த துண்டை எடுத்து, பயணத்து அழுக்கோடு, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டான். துடைக்காதீர்கள், தானாக உள்ளே போக விடுங்கள் என்று ஜெனோவா வரவழைத்த பாட்டில்களோடு வந்த தாளில் போட்டிருந்தது, ஊரே அதை வேதம் மாதிரி நம்பியிருந்தது, இத்தனை நாளில் அந்த மூட்டத்தின் மேல் ஒரு துணி பட்டதில்லை. சந்தியாகு அந்தத் தாளைப் படித்தவனில்லை. மூட்டம் மொத்தமும் துண்டில் ஏறியது. அவன் அதை வாசலில் பிழிந்தான், ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

"ஐயோ, நாலு பாட்டிலு!" என்றது ஜன்னல்.

கித்தேரியின் முகத்தில் மூன்று மாதத்துக்கப்புறம் நேராகக் காற்றுப் பட்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவன் வந்து, "எதுக்குட்டி மூடுத, என்ன ஆச்சு?" என்று கையைப் பிடித்து இறக்கினான். இறக்கிப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், மாறுகிறதா, மாறுகிறதா என்று. மாறியது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, மாறத்தான் செய்தது.

"இது எப்ப வந்தது?"

"நீங்க போன மறு வருசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"தெரியாமத்தான் மூஞ்சிக்குப் பாட்டில் அனுப்புனியளாக்கும்! எல்லாம் மைனி சொல்லியிருப்பாவ."

"மாதா மேல சத்தியமா நான் சொல்லல!" என்றாள் மரியதங்கம் மைனி ஜன்னலிலிருந்து.

சந்தியாகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மூஞ்சிக்கா? அது மூஞ்சிக்குன்னு யாரு சொன்னா?" என்றான். "நீதானட்டி ஒருநா போன்ல சொன்ன, 'ஒரே புழுக்கமா இருக்கு, தாங்க முடியல, மூச்சு முட்டுது'ன்னு. எனக்குப் பொறுக்கல. அங்கன மலையாளத்தான் கடையில போயி, ஊர்ல பொண்டாட்டிக்குப் புழுக்கம் தாங்கலியாம், எதாச்சும் குடுன்னு கேட்டேன். இதக் குடுத்தான். அங்க அடிச்சா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள காஞ்சி சில்லுன்னு ஆவும். கழுத்துல, மேலுல அடிச்சிக்கிட்டா உனக்குக் கொஞ்சம் சொகமா இருக்குமேன்னு..."

கித்தேரி நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் காத்தச் சொல்லலங்க" என்றாள்.

சந்தியாகு ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, பெட்டியைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பின்ன என்னன்னு சொல்லு" என்றான். அவள் முதல் வருசத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலில் நின்றவர்கள் மூஞ்சியைப் பற்றி ஏதாவது வரும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், ஒன்றும் வருகிற மாதிரி இல்லை, அதற்குள் யாரோ அந்தத் துண்டு என்ன கம்பெனித் துண்டு, எங்கே கிடைக்கும் என்று கிசுகிசுத்தார்கள், ஒவ்வொருவராக ஜெனோவா கடைப்பக்கம் நடையைக் கட்டினார்கள். கித்தேரி இரண்டாம் வருசத்துக்கு வந்தபோது ஜன்னலில் ஒருவரும் இல்லை.